நனைத்து வெட்டிய துணி

அன்புள்ள கிரேன்காரருக்கு,

கடைக்காரி எழுதுவது. இங்கே நானும் கடையும் தையல் மிஷின்களும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுதுங்கள். ‘பரவாயில்லை’ என்று எழுதினால் நம்ப மாட்டேன்.

போன் இருக்கும்போது காகிதத்தை ஏன் எடுத்தாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் விடுதி அறையே சேர்ந்து பேசுகிறது. பக்கத்துக் கட்டில் வெல்டர் தம்பி சிரிக்கிறார், சமையல்காரர் குறுக்கே புகுந்து யோசனை சொல்கிறார். இது நமக்குள் பேச வேண்டிய விஷயம்.

போன வாரம் நம் ஜன்னல் திரைக்கடையின் இணையப் பக்கத்தில் ஒரே சாயங்காலத்தில் பாராட்டு மழை. எல்லாம் ஐந்து நட்சத்திரம். பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் தங்கை குதித்துக்கொண்டு ஓடிவந்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். ‘தையல் அபாரம்’ என்று ஒருவர். சரி. ‘ஓட்டுநர் நேரத்துக்கு வந்தார், வண்டி சுத்தம்’ என்று இன்னொருவர். நமக்கு ஏது வண்டி? அதற்கும் கீழே, ‘ருசி அருமை, குடும்பத்தோடு போகலாம்.’ அந்த இடத்தில் எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. உங்கள் சமையல்காரர். பிறகு எழுதியவர்களின் படங்களைப் பார்த்தேன். எல்லாரும் அதே நீலச் சட்டை, பின்னால் அதே இரும்புக் கட்டில். பெரிய மிஷினில் உட்காரும் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே, ‘நாம தைக்கிறத கடிச்சுப் பாக்குற அளவுக்கு வந்துட்டாங்களா’ என்று கேட்டார்.

சிரித்ததோடு போயிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். நமக்குப் போட்டியாக இருக்கிற முனைக்கடைக்காரர் அத்தனையையும் படம் பிடித்துப் பக்கத்துக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டார். ‘கடலுக்கு அந்தப் பக்கத்து ஜன்னலுக்கெல்லாம் இவங்கதான் திரை போடுறாங்களாம்’ என்று ஒரு வரி வேறு. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைவிடச் சூடாக எழுதியிருப்பேன். இரண்டு நாள் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் ‘இன்னைக்கு என்ன ஸ்பெஷல்?’ என்று கேட்டார்கள். ‘உள்துணி வச்ச பருத்தித் திரை, சூடா இருக்கு’ என்று நானும் சொல்லிச் சமாளித்தேன்.

சமாளிக்க முடியாதது மகப்பேறு மருத்துவமனையிலிருந்து வந்த போன். கட்டிலுக்குக் கட்டில் மறைக்கிற திரைகளுக்காக எத்தனை மாதம் நடந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். நிர்வாகி அம்மா சத்தம் போடவில்லை, திட்டவில்லை. ‘பாராட்டையே இரவல் வாங்குறவங்க துணியில என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா, நாங்க வேற இடத்துல பாத்துக்கறோம்’ என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த ஆர்டர் வந்தால் நீங்கள் அங்கே இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று நாம் இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். அதை வாங்கிவிட வேண்டும் என்கிற அவசரத்தில்தான் நீங்கள் இதைச் செய்தீர்கள் என்றும் எனக்குப் புரிகிறது. அங்கே நீங்கள் ஒரு பிடியைத் தள்ளினால் கண்டெய்னர் எழும்பிவிடுகிறது. கடையின் பேர் அப்படி எழும்பாதுங்க.

ஆளாளுக்கு எழுதியதை அவரவர் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். சமையல்காரரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் மனசாரத்தான் எழுதியிருக்கிறார். ஒப்பந்தக் காகிதம் மாதக் கடைசியில் வரும் என்றீர்கள். என்னைக் கேட்காமல் அதில் பேனாவை வைக்காதீர்கள்.

கடையைத் திறந்தே வைத்திருக்கும்,
உங்கள் கடைக்காரி


அன்புள்ள கிரேன்காரருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மன்னிப்பை முதல் பக்கத்தோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டாம் பக்கத்தில், பேசாமல் கடையின் இணையப் பக்கத்தையே மூடிவிட்டு வேறு பேரில் தொடங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில், பணம் கட்டினால் பத்தாயிரம் ஃபாலோயர்கள் தருகிற ஆள் ஒருவரை வெல்டர் தம்பிக்குத் தெரியும் என்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். பத்தாயிரம் பேர் இருந்து எனக்கு என்ன ஆகப்போகிறது? அளவெடுக்க நான் போய்த் திரும்புகிற தூரத்தில் எத்தனை ஜன்னல் இருக்கிறது, அதுதான் என் உலகம்.

நீங்கள் கோபித்தாலும் சரி, நான் செய்ததைச் சொல்கிறேன். கடைப் பக்கத்தில் இப்படி எழுதிப் போட்டேன்: ‘போன வாரம் இங்கே வந்த பாராட்டுகள் என் கணவரோடு வேலை செய்கிறவர்கள் அன்பால் எழுதியவை. அவர்கள் எங்கள் துணியைப் பார்த்ததில்லை. எடுக்கச் சொல்லியாகிவிட்டது. எங்களிடம் வாங்கியவர்கள் மட்டும் எழுதுங்கள். குறை இருந்தால் அதையும் இங்கேயே எழுதுங்கள்.’

உங்கள் தங்கை வாசலில் நின்றுகொண்டு, ‘அண்ணி, நம்ம மானத்த நாமளே கூவி விக்கணுமா?’ என்று சண்டைக்கு வந்தாள். ‘முனைக்கடைக்காரர் வித்துட்டாரு, மிச்சம் இருக்கறதயாவது நாம வித்துக்கலாம்’ என்றேன். கோபத்தில் அவள் பெருக்கியதில் கடை மூலையெல்லாம் பளபளத்தது.

சில நாள் ஒருவரும் எதுவும் எழுதவில்லை. பிறகு முதலில் வந்தது ஒரு புகார். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், மழை நாட்களில் நம்மிடம் படுக்கையறைத் திரை வாங்கியவர். ஒரே ஒரு தடவை துவைத்தாராம், திரை ஒரு சாண் மேலே ஏறிவிட்டதாம். படத்தோடு போட்டு, ‘என் ஜன்னல் அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டு நிக்குது’ என்று எழுதியிருந்தார். உங்கள் தங்கை அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனாள். போனை அவள் கையிலிருந்து வாங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பெரிய மிஷின் அக்காவிடம் படத்தைக் காட்டினேன். அவர் மெதுவாக, ‘இது நனைக்காம வெட்டுனது’ என்றார். ஆமாம். பருத்தியை நனைத்து மாடியில் காயவிட்ட பிறகுதான் கத்தரி படவேண்டும், அதுதான் நம் வழக்கம். அந்த வாரம் மழை விடவில்லை, துணி காயவில்லை. சொன்ன தேதிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நான்தான் அவசரப்படுத்தி வெட்டச் சொன்னேன். நீங்கள் பாராட்டுக்கு அவசரப்பட்டீர்கள், நான் தேதிக்கு அவசரப்பட்டேன். நல்ல பொருத்தம்தான் நமக்கு.

நனைத்துக் காய்ந்த துணியில் புதிதாகத் தைத்து எடுத்துக்கொண்டு ஆசிரியை வீட்டுக்கு நானே போனேன். காசு வாங்கவில்லை. வீடியோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ‘ஜன்னல மட்டும் எடுங்க, என் கட்டில் மேல இருக்கற துணிக் குவியல் ஊர் பாக்க வேண்டாம்’ என்றார். ஜன்னலை மட்டுமே எடுத்தேன். இனிமேல் எந்த வீடானாலும் கேட்காமல் எடுப்பதில்லை, கதவு எண்ணோ தெருவோ தெரியக் காட்டுவதில்லை என்று உங்கள் தங்கையிடமும் சொல்லிவிட்டேன்.

கடைக்கு வந்து இன்னொரு வீடியோ. ஒரே அளவில் இரண்டு துண்டு. ஒன்று நனைத்துக் காயவைத்து வெட்டியது, இன்னொன்று அப்படியே வெட்டியது. இரண்டையும் வாளியில் முக்கித் துவைத்துக் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டோம். ஆசிரியைக்கு நடந்த தவறு எப்படி நடந்தது என்று நானே நின்று சொன்னேன். முடிவில், ‘துணி காயாமல் தேதி சொல்ல மாட்டோம்’ என்றேன். உங்கள் தங்கை பாட்டும் மினுக்கலும் சேர்க்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தண்ணீர் சத்தமே போதும் என்றேன். இப்போது அவளாகவே ஒரு வேலை செய்கிறாள். ஒவ்வொரு துணியையும் காலை வெயிலில் ஒன்று, விளக்கு வெளிச்சத்தில் ஒன்று என்று இரண்டு படம் போடுகிறாள். ‘போன்ல பாத்த கலர் இது இல்லியே’ என்கிற சண்டை பாதி குறைந்துவிட்டது. அவளுக்கு மூளை இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்கோ இருக்கும் என்று நான் எப்போதும் நம்பினேன்.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். நிறைய பேர் பின்தொடர்கிற ஒரு அம்மா வந்தார். வீடு முழுக்க இலவசமாகத் திரை போட்டுக் கொடுத்தால் நம்மைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசுவாராம். பிடிக்கவில்லை என்றால் என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். ‘பிடிக்காம எப்படிங்க போகும், இலவசம்தானே’ என்றார். தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மாதக் கடைசி நெருங்குகிறது. நான் கேட்டது நினைவிருக்கட்டும்.

இடுப்புக்குத் தைலம் தடவிக்கொள்ளுங்கள்.

விட்டுக்கொடுக்காத,
உங்கள் கடைக்காரி


அன்புள்ள கிரேன்காரருக்கு,

இது சின்னக் கடிதம்தான். மேசையெல்லாம் துணி விரித்திருப்பதால் மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் நிர்வாகி அம்மா கடைக்கு வந்தார். கூடவே அவர்கள் சலவைக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மா. அந்த வீடியோவைச் சலவைக்கூடத்து அம்மாதான் முதலில் பார்த்தாராம். அவர்கள் திரைகளை வாரம் தவறாமல் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கிறார்கள். சுருங்குமா என்று கேட்டால் இதுவரை எந்தக் கடைக்காரரும் சுருங்கும் என்று சொன்னதே இல்லையாம். ‘சுருங்கும்னு வாயத் தொறந்து சொன்ன ஆளு யாருன்னு பாக்க வந்தேன்’ என்றார். நனைத்துக் காய்ந்த நம் துணியில் ஒரு துண்டை வெட்டி வாங்கிக்கொண்டு போனார். கொதிக்கவைத்து எடுத்து இரண்டு நாளில் நிர்வாகி அம்மாவோடு மறுபடி கொண்டுவந்து, என் மேசையில் என் அளவுகோலாலேயே அளந்தார். பெரிய மிஷின் அக்கா மிஷினையே நிறுத்திவிட்டார். அளவு நூலளவும் பிசகவில்லை.

உடனே எல்லாம் கிடைத்துவிட்டது என்று துள்ள வேண்டாம். ஒரு வார்டுக்கு மட்டும்தான் ஆர்டர். ‘மத்ததெல்லாம் இத தொவச்சுப் பாத்துட்டு’ என்றார் நிர்வாகி அம்மா. அது நியாயம். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். போகும்போது, நீலச் சட்டைக்காரர்கள் எழுதியதை எடுத்துவிட்டீர்களா என்று கேட்டார். எடுத்தாகிவிட்டது என்றேன். அவர் வாய்க்குள் சிரித்ததைப் பார்த்தேன். ருசியைப் பற்றித்தான் நினைத்திருப்பார்.

ஒரு வார்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கும் முன் நானே சொல்கிறேன். நாம் நினைத்த அளவுக்கு இது இல்லை. வருகிறதில் இறுக்கிப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். ஆனால் ஓடும். தம்பட்டத்தால் வந்த ஆர்டராக இருந்தால் நான் இதைச் சொல்லத் துணிய மாட்டேன். இது துவைத்துப் பார்த்து வந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. கட்டிலைச் சுற்றிக் கம்பி மாட்ட வேண்டும், கூரையில் துளை போட வேண்டும். நான் ஏணியில் ஏறினால் உங்கள் தங்கை கீழே நின்று என் புடவையைப் பிடித்துக்கொள்கிறாள். பிடித்தால் விழ மாட்டேன் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். உயரத்தில் கை நடுங்காத ஆள் ஒருவர் இந்தக் கடைக்குத் தேவை. கூலிக்கு ஆள் கிடைக்காமல் இல்லை. நான் தேடவில்லை.

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நீங்கள் போனதிலிருந்து நம் அறை ஜன்னலுக்கு நான் திரையே போடவில்லை. ஊர் ஜன்னலுக்கெல்லாம் தைக்கிறவள் வீட்டு ஜன்னல் மொட்டையாக நிற்கிறது என்று உங்கள் தங்கை சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். போன ஞாயிறு அதற்கான துணியை நனைத்து மாடியில் போட்டேன். நல்ல வெயில். காய்ந்து, மடித்து, மேசையில் இருக்கிறது. இன்னும் கத்தரி வைக்கவில்லை. துணி காயாமல் தேதி சொல்ல மாட்டேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். இது காய்ந்துவிட்டது. இந்தத் தடவை தேதியை நீங்கள் சொல்லுங்கள்.

கிரேனிலிருந்து இறங்கும்போது அவசரப்படாமல், ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்குங்கள்.

உங்கள் கடைக்காரி