அஞ்சரையும் ஏழரையும்

அன்புள்ள அப்பாவுக்கு, ஷார்ஜாவிலிருந்து மாரீஸ்வரன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் குறைந்தனவா?

போன வாரம் இங்கே ஒரு பம்பு மோட்டாருக்கு வயர் இழுத்தேன். பிளேட்டில் 5.5 என்றிருந்தது. ஊர்ப் பழக்கத்தில் எச்பி என்று நினைத்துவிட்டேன், அது கிலோவாட். அதற்குப் போட்ட மெல்லிய வயர் உருகிவிட்டது. விரலில் லேசாகச் சுட்டது, ஆறிவிட்டது. உடன் வேலை பார்க்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஹுமாயூன், "ஏலே, அஞ்சரை கிலோவாட்டுன்னா ஏழரை எச்பிலே! ஏழரையை இழுத்துட்டியே" என்று சிரித்தான்.

நம் தேவதானம் கிணற்றுக்குப் புது மோட்டார் வாங்கியபோது, "பழசு அஞ்சு, இது அஞ்சரை, அரைதானலே கூட" என்றீர்கள். அதுவும் கிலோவாட்டாக இருந்தால் பழைய வயர் தாங்காது. நான் பார்த்துச் சொல்லும்வரை ஓட்ட வேண்டாம். பிளேட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். மோட்டார் எவ்வளவு பெரிது என்று தெரிய, பக்கத்தில் நீங்களும் அம்மாவும் நில்லுங்கள். காலையில் எடுத்தால் முகம் தெளிவாக இருக்கும்.

வேலைக்குப் போக வேன் வந்துவிட்டது.

உங்கள் மகன்