ஆணிக்கு மேலே மண்

தெமாக்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள கணவருக்கு, வுர்யானி எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுத மனம் வரவில்லை.

உங்கள் கட்டுரை வந்தது. மகள் கினாந்தி அதைப் பள்ளியில் உரக்கப் படித்துக் காட்டினாளாம். மனிதகுலம் பூமியின் முகத்தையே மாற்றிவிட்டது என்று ஹாலந்தில் உட்கார்ந்து அழகாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். யார் இந்த மனிதகுலம்? ஆழ்குழாய் போட்டு ஊர் நிலத்தடி நீரை இரவு பகலாக உறிஞ்சும் ஆலைக்காரரும், வாசலில் மீன் காயவைக்கும் பக்கத்து வீட்டு சுமிராவும் ஒரே குலமா? பழியை எல்லோருக்கும் பங்கு வைத்தால் யாருக்கும் வலிக்காது. இதைத் தத்துவம் என்கிறீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நிலம் இறங்குகிறது, கடல் ஏறுகிறது. அது நீங்கள் அறிந்த கதை. தெருவில் எல்லோரும் மண் கொட்டித் தரையை உயர்த்திவிட்டார்கள். கூரை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. "என் வீட்டுக்குள்ள வர்றவங்க சம்பந்தியா இருந்தாலும் குனிஞ்சு சலாம் போட்டுத்தான்டி வரணும்" என்று சுமிரா சிரிக்கிறாள். நம் வீடு மட்டும் பழைய தரையிலேயே கிடந்தது. நிலம் இறங்குவதை அளக்க வாசல் தூணின் அடியில் பித்தளை ஆணி அடித்தீர்கள். நான் வரும்வரை தரையைத் தொடாதே, அளவு கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நானும் படித்தவர் சொல்லைத் தட்டக்கூடாதென்று, மாதாமாதம் தண்ணீரில் நின்று அளந்து அனுப்பினேன். கடைசியில் தெருத் தண்ணீர் முழுக்க நம் வீட்டில் வந்து தேங்கியது. மற்றவர்கள் மேடானால் பள்ளம் நாம்தானே.

மாமாவின் கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்தோம், பிறகு இன்னும் வைத்தோம். உங்களைப் பெற்றவர், எழுந்து நடக்க முடியாத மனிதர். போன பௌர்ணமிக்குத் தண்ணீர் அவர் படுக்கையையே நனைத்துவிட்டது. அப்போதும் கேலி போகவில்லை. "தொழுகைக்குக் கை கழுவ நீ இனி சொம்பு தூக்க வேணாம்மா, படுத்தபடியே கையை நீட்டினாப் போதும்" என்றார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "அவனோட ஆணி பத்திரமா இருக்கா?" என்று கேட்டார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அதனால் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தரையை உயர்த்திவிட்டேன். தெருவே கூடி மண் சுமந்தது. பெண்கள் சேர்ந்து எல்லோருக்கும் சமைத்தோம். மாமா கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டுக் காய்ந்த தரையைத் தடவிப் பார்க்கிறார்.

மண் எங்கிருந்து வந்தது என்று லாரிக்காரரிடம் நான் கேட்டிருக்கக் கூடாது. தெற்கே ஒரு குன்றை வெட்டுகிறார்களாம். மழை பெய்தால் அங்கே வீடுகள் மேல் சரிகிறதாம். நம் வீட்டில் நின்ற தண்ணீரும் இப்போது, வசதியில்லாமல் கொஞ்சமாகவே மண் கொட்டிய தெருக்கோடி வீட்டுக்குப் போகிறது. அந்த அம்மாள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆக, நானும் உங்கள் மனிதகுலத்தில் சேர்ந்துவிட்டேன். அடுத்த கட்டுரையில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆணி மண்ணுக்குள் போய்விட்டது. கோபப்படுங்கள், ஆனால் அங்கிருந்து வேண்டாம், நேரில் வந்து கோபப்படுங்கள். நீங்கள் எப்போது வருவீர்கள் என்று கேட்பதை மாமா நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் கால்கள் ஈரம் படாமல் இருக்க அல்லாவை வேண்டுகிறேன். நீங்கள் உயரமானவர், வாசல் இப்போது உங்கள் தோள் அளவுதான். குனிந்து வாருங்கள். எப்படியும் வாருங்கள்.

உங்கள்
வுர்யானி