கண்மாயில் கறுத்து வந்த தண்ணீர்

ஐப்பசி, செவ்வாய் இரவு

சாயங்காலம் ஓடைப்பட்டிக் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தேன். தம்பி செல்வம் பரிசலில் போய் நடுக் கண்மாயில் வலை இழுத்துக்கொண்டிருந்தான். படத்தில் தண்ணீருக்கு வெள்ளைச் சாயம் கலக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். மேற்கு மலைமேல் மேகத்தின் அடி கிழிந்து தொங்கியது. அக்கரையோரம் தண்ணீர் கறுத்து, அந்தக் கறுப்பு சிலிர்த்தபடி அவன் பக்கம் நகர்ந்தது. என் முகத்தில் இன்னும் காற்றே படவில்லை.

“ஏலே செல்வம், காத்து வருது! வலைய விட்டுட்டு வாடா!”

“இங்கன ஒண்ணும் இல்ல. நீ படத்தப் பாருக்கா.”

நான் எழுந்து அலறிய பிறகுதான் துடுப்பை எடுத்தான். அதற்குள் காற்று அடித்துவிட்டது. பரிசல் சுழன்று சுழன்று வந்து கரைக்குப் பக்கத்தில் கவிழ்ந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் வலை காலில் சுற்றியிருந்தது. இறங்கி அவனைக் கரையில் இழுத்துப்போட்டேன்.

வீட்டில், மாசமாக இருக்கும் அவன் மனைவியிடம், “வல கிழிஞ்சிருச்சு” என்று மட்டும் சொன்னான். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தான்.

“நாளைக்கும் படம் வரைய வர்றியாக்கா?” கண்மாய்ப் பக்கமே பார்த்தபடி கேட்டான்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ கண்மாய்க்குப் போகாதே என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்.