சாமியாரை அழைத்து வராதவள்

11 அக்டோபர் 1934, வியாழன்

இன்று பள்ளிக்கூடம் போனேன். கையெழுத்துக்குப் பத்துக்கு ஒன்பது. வாசல் வரை ஓடி வந்துவிட்டேன். பிறகுதான், யாரிடம் காட்டுவது என்ற நினைப்பே வந்தது. அம்மா போய் ஒரு வாரம்.

எல்லாரும் தூங்கிய பிறகு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். சாந்தமேரி அக்கா பார்த்தால் தொலைந்தேன்.

14 அக்டோபர், ஞாயிறு

அப்பா பூசைக்கு வரவில்லை.

"சாகக் கிடந்தவளுக்கு எண்ணெய் பூச வராத சாமியாரு எனக்கு எதுக்கு?" என்றார்.

அம்மாவுக்கு அவஸ்தைப் பூசுதல் கிடைக்கவில்லை. அன்று அப்பா ஈப்போ ரயிலில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். பிரிக்பீல்ட்ஸில் வீடு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கத்தில் சாமியாரின் முகத்தைக்கூட அப்பா பார்க்கவில்லை.

17 அக்டோபர், புதன்

அக்கா பாசாருக்கு அனுப்பினாள். காய்கறி விற்கும் சீனர், "உங்க அம்மா இல்லே, சண்டை போட ஆளே இல்லே லா" என்று சொல்லி, கேட்காமலே இஞ்சியைக் கூடையில் போட்டார். அம்மா அவரோடு மலாயில் சண்டை போடுவாள். அவளுக்குத் தெரிந்த மலாய் மொத்தம் இருபது வார்த்தை. ஆனாலும் ஜெயித்துவிடுவாள்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கிள்ளான் ரப்பர் தோட்டத்தில் எட்டு வயதிலேயே பால் வாளி தூக்கியவள். நான் இங்கிலீஷ் பாடம் வாசித்தால் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி புடைப்பாள். ஒரு வரியை விட்டுவிட்டால், "ஏய் கெர்ட்ரூட், நேத்து அந்த எடத்துல இன்னும் என்னமோ சொன்னியே?" என்பாள். ஏமாற்றவே முடியாது.

ஏமாற்றிவிட்டேனே.

அக்கா மகன் வாலண்டைனுக்கு இரண்டு வயது. கட்டிலுக்கு அடியில் குனிந்து, "அம்மாச்சி, வா" என்று கூப்பிடுகிறான்.

20 அக்டோபர், சனி

எழுதிவிடுகிறேன்.

காய்ச்சல் ஐந்தாம் நாள். அக்கா அம்மாவைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அம்மாதான் சொன்னாள்: "ஓடிப்போய் சாமியாரைக் கூட்டிட்டு வாம்மா."

போன வருஷம் எதிர்வீட்டு சூசன் அக்காவுக்கு எண்ணெய் பூசினார்கள். அன்று சாயங்காலமே செத்துப்போனாள். நான் பார்த்தேன். எண்ணெய் பூசினால் செத்துவிடுவார்கள் — அப்படித்தானே நினைத்தேன்? சாமியார் வராவிட்டால் அம்மா சாகமாட்டாள் என்று — ஐயோ, பதிமூணு வயசாச்சே எனக்கு, இவ்வளவு மடச்சியா இருந்திருக்கேனே!

சாமியார் கோயில் வராந்தாவில் செபம் சொல்லியபடி நடந்துகொண்டிருந்தார். நான் சுவர் ஓரம் நின்றேன். திரும்பி வந்து, "சாமியார் கிள்ளானுக்குப் போயிட்டாராம்" என்றேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. "மூச்சு வாங்குது பாரு. தண்ணி குடி" என்றாள்.

அவள் மூன்று மணிக்குப் போய்விட்டாள்.

இப்போது பாவம் தீரும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகிறாளா? என்னாலா?

28 அக்டோபர், ஞாயிறு

கிரிகரி உபதேசியார் வந்தார். அம்மாவின் முப்பதாம் நாள் கல்லறைத் திருநாளன்றே வருகிறது, பூசைக்குச் சொல்லிவிடலாம் என்றார்.

"கிள்ளானுக்குப் போனவரு அங்கயே வெச்சுக்கட்டும்" என்றார் அப்பா.

"அன்னைக்கு சாமி எங்கயும் போகல, இக்னேஷியஸ். நானும் கோயில்லதான் இருந்தேன்."

"அப்ப எம் பொண்ணு பொய் சொல்றாளா? அவ அம்மா வளத்த பொண்ணுய்யா அது! எந்திரிச்சுப் போங்க."

கதவுக்குப் பின்னால் நின்றேன். அம்மாவுக்குப் பூசையும் இல்லையா? அதுவும் என்னாலா?

1 நவம்பர், வியாழன்

சொல்லிவிட்டேன்.

அப்பா பின்கட்டில் பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. வெகுநேரம் ஒரே பூட்ஸையே துடைத்தார்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"உள்ள போ."

2 நவம்பர், வெள்ளி

அப்பா எங்களுக்கு முன்பே கோயிலுக்குப் போயிருந்தார். பூசைக்கு முன், சாமியாரிடம், "கோபத்துல வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் சாமி. தப்பு எங்க வீட்டுதுதான்" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை.

சாமியாரின் கூண்டில் மண்டியிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். உள்ளே சொன்னதை எழுதக் கூடாது. அம்மா எங்கே இருக்கிறாள் என்று சாமியாருக்கும் நிச்சயமாகத் தெரியாது போலிருக்கிறது.

கல்லறையில் இன்னும் புது மண். வாலண்டைன் அதைத் தட்டித் தட்டி, "அம்மாச்சி, எந்திரி" என்றான். அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டாள். அப்பாவும் நானும் நின்றோம்.

5 நவம்பர், திங்கள்

நான்கு நாளாக அப்பா என்னோடு பேசவில்லை. இன்று மத்தியானம் ஈப்போ ரயிலுக்குக் கிளம்பினார். அக்கா சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்தாள். படியில் நின்று, என்னைப் பார்க்காமல், அக்காவிடம் சொன்னார்:

"எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, சாமியாரைக் கூப்பிட இவளையே அனுப்பு."

"கெளம்புற நேரத்துல என்னப்பா பேச்சு இது?" என்று அக்கா கடிந்துகொண்டாள்.

அப்பா நடந்தார். அவர் தலை மறையும் வரை நான் வாசலிலேயே நின்றேன்.