லின்ட்சே அடித்த ஆணிகள்

மார்ச் 4

பின்கதவை ஒட்டிக் கட்டும் மரத்தளம், டெக், ஆய்வில் தேறவில்லை. நல்லவேளை, மேலே பலகை அடிக்கும் முன்பே தெரிந்தது. நகரசபை ஆய்வாளர் தாவிதா அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"உத்தரம் தூண் மேல உட்காரணும்மா. இது பக்கவாட்டுல ஆணியில தொங்குது. ரெண்டு மரம் சேர்ற இடமும் அந்தரத்துல இருக்கு. நாலு பேர் ஏறினா இறங்கிடும். கழட்டிடுங்க."

பக்கவாதம் வருவதற்கு முன் என் கணவன் லின்ட்சே கடைசியாகச் செய்த வேலை அது. வாசற்படியில் அவனுடைய சக்கர நாற்காலி இறங்காது. டெக் முடிந்தால்தான் அவன் வெளியே காற்று வாங்க முடியும். இதை அவனிடம் யார் சொல்வது? நான்தான், வேறு யார்.

மார்ச் 5

சொன்னேன். "போ" என்றான். அவனுக்கு மிஞ்சியிருக்கும் சில சொற்களில் அதுவும் ஒன்று.

மார்ச் 9

அவன் தங்கை நோலீன் உதவிக்கு வந்தாள். அவன் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவன் அடித்த ஆணிகளைப் பிடுங்கினோம்.

"ஆணி விஷயத்துல மட்டும் எங்கண்ணன் கஞ்சனே இல்ல அண்ணி!" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிமிர்ந்தபோது திரை மூடியிருந்தது.

மார்ச் 10

மழை. முதுகு விட்டுப்போயிற்று.

மார்ச் 17

தூண்களின் தலையில் பள்ளம் வெட்டி, உத்தரத்தை ஏற்றினோம். பாதியில் என் கை தளர்ந்தது. கண்ணில் நீர் முட்டியது. நோலீன் தோள்கொடுத்துத் தாங்கியபடி கத்தினாள்: "அழறதுன்னா இதை இறக்கி வெச்சுட்டு அழுங்க அண்ணி!"

இறக்கிவைத்தோம். அழுதேன். மறுபடி தூக்கினோம். இந்தமுறை இரண்டு மரங்களும் நடுத்தூணின் மேலேயே சேர்ந்தன. துளையிட்டு போல்ட் முடுக்கினோம்.

ஏப்ரல் 11

பலகையும் கைப்பிடியும் முடிந்தன. தாவிதா நடுவில் நின்று குதித்தே பார்த்துவிட்டார். தேறியது.

லின்ட்சே வர மறுத்துவிட்டான். "உன்னது" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இதுக்காகவா இவ்வளவு பாடுபட்டேன்? போடா. நீயாச்சு, உன் ஜன்னலாச்சு — எனக்கு முடியல.

ஏப்ரல் 26

மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினால் அறையில் அவன் இல்லை. உயிரே போய்விட்டது எனக்கு. பின்கதவு திறந்துகிடந்தது.

டெக்கின் ஓரத்தில், இளவெயிலில், தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஒற்றைக் கையால் சக்கரத்தைத் தள்ளித் தள்ளியே அவ்வளவு தூரம் வந்திருக்கிறான்.

எழுப்பவில்லை. காலில் கம்பளியைப் போர்த்திவிட்டு, பக்கத்தில் வெறும் பலகையில் உட்கார்ந்தேன். எப்போது நானும் தூங்கினேன் என்று தெரியவில்லை.