அமுதம் கடைக் குழம்பு

ஜனவரி 5, ஞாயிறு

வில்லியனூர் பைபாஸில் புதிதாகத் திறந்திருக்கும் பரோட்டாக் கடை. பரோட்டா பரவாயில்லை, அடுக்கு அடுக்காகப் பிரிகிறது. சால்னாவில்தான் பட்டை தூக்கல், இரண்டு வாய்க்கு மேல் நாக்கு மரத்துப் போகிறது. முதலாளி பக்கத்தில் வந்து, "எப்படிக்கா இருக்கு?" என்றார். கேட்டிருக்கக் கூடாது. பட்டையைப் பாதியாகக் குறையுங்கள், சோம்பை வறுத்து அரையுங்கள், தக்காளி இன்னும் வதங்கணும் என்று நான் சொல்லிக்கொண்டே போக, கூட வந்த என் தோழி அமுதம் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "பாவம்டி அந்த ஆளு. கட தொறந்து ஒரு வாரம்கூட ஆவல. மூஞ்சி எப்படி சுருங்கிப்போச்சி பாத்தியா?"

"கேட்டாரு, சொன்னேன்."

"கேட்டா அப்படியே சொல்லிடுவியா?"

வேறு எப்படிச் சொல்வதாம்?

ஆறு வருடமாக எங்கள் ஞாயிறு இப்படித்தான். வாரம் முழுக்க நான் பாகூரில் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தே இருக்கிறேன். அவள் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் நின்றுகொண்டே பேக்கிங் செய்கிறாள். ஞாயிறு வந்தால் சேலியமேட்டிலிருந்து ஸ்கூட்டியை எடுத்து, வில்லியனூரில் அவளை ஏற்றிக்கொண்டு, எங்கே வாசனை வருகிறதோ அங்கே நிறுத்துவேன். ஆளுக்கு ஒன்று வாங்கிப் பாதிப் பாதி.

என் வீட்டுக்காரர் குழந்தைவேல் வெளியில் டீகூடக் குடிக்கமாட்டார். "இந்தச் சுத்துவட்டாரத்துல ஓட்டல்லாம் உன்னாலதான் ஓடுது, உன்னாலதான் மூடுது" என்பார்.

ஜனவரி 8, புதன்

மஞ்சள் போட்டு வேகவைத்த பனங்கிழங்கு. கடையிலேயே நார் உரித்துத் தின்றேன். ஒருவருடைய ரேஷன் கார்டு நகலில் மஞ்சளாக என் கட்டைவிரல். வேறொன்று எடுத்துக் கொடுத்தேன். அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

அமுதம் வரவில்லை. தலைவலியாம். போனில் பின்னால் பாத்திரம் உருளும் சத்தம். தலைவலிக்காரி ஏன் பாத்திரம் உருட்டுகிறாள்?

தனியாக மடுகரை வரை போய் ஒரு கடையில் இட்லியும், மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான், தோலோடு வறுத்து அரைத்த சட்னியும் சாப்பிட்டேன். அருமை. பக்கத்து மேசையில் பணியாரம் வந்தது. வாங்கலாம்தான், ஆனால் ஒரு வயிறு என்ன செய்யும்? தனியாகப் போனால் ஒன்றைத்தான் சாப்பிட முடிகிறது.

ஜனவரி 16, வியாழன் — காணும் பொங்கல்

அமுதம் வீட்டில் மதியச் சாப்பாடு. பச்சை மொச்சை, கத்தரிக்காய், வாளைக் கருவாடு போட்ட குழம்பு. இதை எழுதும்போதும் கை மணக்கிறது. புளிப்பு முன்னால் வருகிறது, காரம் பின்னால் வருகிறது, மொச்சை நடுவில் மாவாகக் கரைகிறது. மூன்று தடவை சோறு வாங்கினேன். அவள் மகள் வெண்ணிலா சிரித்தது. நர்ஸிங் கடைசி வருடம் படிக்கிறது. இந்த ஒரு வருடத்தை ஓட்டிவிட்டால் போதும் என்று அமுதம் எப்போதும் சொல்வாள். அந்த வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது, "ஏன்டி, வெளிய சாப்புடறவங்களுக்கு இன்னா மாரி குழம்புதான் புடிக்குது?" என்று கேட்டாள்.

என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டால் விடுவேனா? ஓட்டல் ருசி வேறு, வீட்டு ருசி வேறு என்று ஆரம்பித்தேன். கண்ணுக்குச் சிவப்பு வேண்டும், மேலே எண்ணெய் மிதக்கவேண்டும், தேங்காய் அரைத்து ஊற்றவேண்டும், கருவாடு எல்லாருக்கும் ஒத்துவராது — ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். என் வாயையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் பேச்சை இவ்வளவு கவனமாக அவள் கேட்டதே இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

வரவில்லை. அக்கா வீட்டுக்குப் போகிறாளாம், திருக்கனூருக்கு.

ஜனவரி 26, ஞாயிறு

இன்றும் இல்லை. போனை எடுக்கவே இல்லை.

நான் என்ன சொல்லிவிட்டேன்? பரோட்டாக் கடையில் அப்படிப் பேசியதா? அதற்கா இத்தனை நாள்? பொங்கலன்று நன்றாகத்தானே பேசினாள். மூன்று தடவை சோறு வாங்கியதற்கு ஒருத்தி கோபித்துக்கொள்வாளா என்ன?

வீட்டில் ரசமும் அப்பளமும். குழந்தைவேல் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரு செத்துட்டாங்க?" என்றார்.

ஜனவரி 30, வியாழன்

கம்பெனி வேன் ஓட்டும் அருள்தாஸ் லைசென்ஸை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். அமுதம் தினமும் போய்வந்த வேன். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"அமுதம் அக்காவா? அவங்க டிசம்பரோடயே நின்னுட்டாங்களே. அந்த செக்‌ஷன்ல பாதிப் பேர வரவேணாம்னுட்டாங்க. இப்ப கம்பெனி கேட்டுக்கு எதிர்ல சாப்பாட்டுக் கட போட்டிருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது.

ஆறு வருடம் ஒரே இலையில் பாதிப் பாதி. வேலை போனதை என்னிடம் சொல்லவில்லை. கடை போட்டதையும் சொல்லவில்லை. அதுவும் என்னிடம். சாப்பாட்டுக் கடையை.

அருள்தாஸுக்கு மீதிச் சில்லறை கொடுக்க மறந்துவிட்டேன். அவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

போனேன். நீலத் தார்ப்பாய், நான்கு மேசை, மண் சுவர் ஓரமாகக் கேஸ் அடுப்பு. ஞாயிறு ஷிப்டுக்கு வந்தவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். என்னைப் பார்த்ததும் அமுதத்தின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வருவ. வந்தா சாப்புடுவ. சாப்டுட்டு ஒரு மூஞ்சி வெப்ப பாரு, அதுக்குத்தான் பயம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உட்கார்ந்தேன். இலை போட்டாள். மீன் குழம்பு ஊற்றினாள். செக்கச்செவேல் என்று, மேலே எண்ணெய் மிதக்க, தேங்காய் தடித்து — பாக்கெட் மசாலா. மீன் எங்கோ தூரத்தில் இருந்தது. இதே குழம்பை விழுப்புரம் ரோட்டில் எந்தக் கடையில் வேண்டுமானாலும் சாப்பிடலாம். அமுதம் கையில் இப்படி ஒன்று வருமென்று கனவிலும் நினைத்ததில்லை. எதிரே இருசப்பன் என்று ஒரு லோடுமேன், பாதிச் சோற்றோடு இலையை மடித்து எழுந்தார்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெண்ணிலாவின் பீஸ் ஞாபகம் வந்தது. "நல்லா இருக்கு" என்றேன்.

"அவ்ளோதானா?"

"நல்லா இருக்குப்பா."

"ஆறு வருசத்துல எந்தக் கடையிலயும் நீ நல்லா இருக்குன்னு சொல்லி நிறுத்தினது இல்ல, புவனா." கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

மூஞ்சி வைத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது போல.

பிப்ரவரி 3, திங்கள்

பொய் சொல்லத் தெரியாதவள் பொய் சொல்லக் கூடாது.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையிலேயே போனேன், கூட்டம் வருவதற்கு முன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். உட்காராமலேயே சொல்லிவிட்டேன்.

"அது உன் குழம்பு இல்லடி. யாரோ வெச்ச குழம்பு. உன் வூட்டுல வெக்கிறத ஏன் இங்க வெக்க மாட்டற?"

கத்தியைக் கீழே வைத்தாள். "யாரோ வெச்ச குழம்பா? நீ வெச்ச குழம்புடி. காணும்பொங்கலன்னிக்கு என் வூட்டுல ஒக்காந்துகினு நீதான சொன்ன? செவப்பா இருக்கணும், எண்ண மெதக்கணும், தேங்கா ஊத்தணும், கருவாடு ஒத்துவராதுன்னு. ஒண்ணு விடாம செஞ்சேன். எனக்கின்னா தெரியும்? கம்பெனியில மூடி எண்ணிக்கினு இருந்தவ. நீதான் ஊரெல்லாம் சாப்ட்டவ."

கையிலிருந்த ஸ்கூட்டிச் சாவியைப் பார்த்தேன்.

"வந்து குத்தம் சொல்லிட்டு நீ வண்டியில ஏறி பூடுவ. நான் நாளைக்கும் இங்கதான் நிக்கணும். போடி. கொஞ்ச நாளைக்கு வராத."

அவள் கண்ணில் தண்ணீர். வெங்காயம்தான் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் உப்புமா. உப்பு இருந்ததா இல்லையா, தெரியாது.

பிப்ரவரி 13, வியாழன்

எல்லாவற்றையும் குழந்தைவேலிடம் சொன்னேன். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்துதான் பேசினார்.

"நீ சொன்னது ரெண்டு தடவையும் சரியா இருக்கலாம். ஆனா ரெண்டு தடவையும் சொல்லிட்டு வந்துட்ட."

"வேற இன்னா செய்யறது?"

"நம்ம வயலு வரப்புல மொச்ச காச்சித் தொங்குது. கடைசிப் பறிப்பு. ஞாயித்துக்கெழம ஒரு மூட்ட கட்டித் தரேன். போய் உரி. வாயத் தொறக்காத."

இந்த மனுஷன் வருடத்தில் ஒரு நாள்தான் இவ்வளவு பேசுகிறார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஸ்கூட்டி முன்னால் மூட்டை. கால் வைக்க இடமில்லாமல் திருவாண்டார்கோயில் வரை ஓட்டினேன். கடைக்குள் போய், மூட்டையை அவிழ்த்து, ஓரமாகச் சாக்கை விரித்து உட்கார்ந்து மொச்சை உரிக்க ஆரம்பித்தேன். வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று சாமிக்குத்தான் தெரியும்.

அமுதம் பார்த்தாள். போனாள். மறுபடி வந்து பார்த்தாள்.

"ஊமையாயிட்டியா?"

தலையை ஆட்டினேன்.

சிரித்துவிட்டாள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு என் எதிரில் உட்கார்ந்து அவளும் ஒரு பிடி எடுத்து உரித்தாள். "கருவாட்டு நாத்தம்னு எவனாவது எழுந்து போயிட்டா?" என்றாள் மெதுவாக.

அப்போதும் நான் கருத்துச் சொல்லவில்லை. ரோட்டைக் கடந்து போய் வாளைக் கருவாடு வாங்கிவந்து, சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, தலை கிள்ளி வைத்தேன். அவள் பாக்கெட் மசாலாவை ஒதுக்கிவிட்டுத் தன் மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்தாள். புளி கரைக்கும்போதே பழைய அமுதம் வந்துவிட்டாள் — "தள்ளுடி, வழியில ஒக்காந்துகினு."

பயத்தில், கடையில் எப்போதும் வைக்கும் சிவப்புக் குழம்பையும் அரைப் பானை வைத்திருந்தாள்.

மதியம் ஷிப்டு விட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கமே இரண்டு பேர் நின்று மூக்கைத் தூக்கினார்கள். ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, கருவாடு என்று தெரிந்ததும் அடுத்த கடைக்குப் போய்விட்டார். அமுதம் என்னைப் பார்த்தாள். நான் மொச்சைத் தோலைப் பார்த்தேன்.

இருசப்பன் வந்து உட்கார்ந்தார். கேட்காமல் மொச்சைக் குழம்பையே ஊற்றினாள். முதல் வாய் வைத்தார். சோற்றை நடுவில் குழித்தார், இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். மறுபடி சோறு. மறுபடி குழம்பு. பக்கத்தில் இருந்தவர் அவர் இலையைப் பார்த்துவிட்டு, "எனக்கும் அது" என்றார். அதற்கு அடுத்தவரும்.

இலையை மடித்துப் போட்டுவிட்டுக் கை கழுவி வந்த இருசப்பன், "நாளைக்கும் இதானா?" என்றார்.

"மொச்ச இருக்கிற வரைக்கும் இதான்" என்றாள் அமுதம்.

சிவப்புக் குழம்பு அரைப் பானையும் அப்படியே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே ஆளுக்கு ஓர் உருண்டை மொச்சைக் குழம்புச் சோறு தின்றோம். உப்பு ஒரு கல் குறைவு. சொல்லவில்லை. அவளே, "உப்பு கொறச்சலா கீதில்ல?" என்றாள். தலையாட்டினேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

போனில் அமுதம்: "மொச்ச தீந்துபோச்சி. முருங்கக்கா போட்டு வெச்சேன். அதையும் துன்னுட்டானுங்க."

மார்ச் 9, ஞாயிறு

கடையில் நெத்திலிக் குழம்பு, கீரைக் கடைசல். உட்கார இடமில்லாமல் ஸ்கூட்டி சீட்டில் தட்டை வைத்துச் சாப்பிட்டேன். அந்தப் பேக்கிங் செக்‌ஷனிலிருந்து நிறுத்தப்பட்ட காசம்மாள் இப்போது இங்கே பாத்திரம் பார்க்கிறாள். கருவாட்டைக் கண்டு அடுத்த கடைக்குப் போனவர் இன்று நெத்திலிக்கு வந்திருந்தார்.

சந்தோஷம்தான். ஆனால் எங்கள் ஞாயிறு போய்விட்டது. அவளுக்கு என்னோடு பேச நேரமில்லை. திரும்பும் வழியில் வில்லியனூரில் கரும்புச்சாறு குடித்தேன், தனியாக. இஞ்சி அதிகம். யாரிடம் சொல்வது? சாறு பிழிகிறவரிடமே சொன்னேன்.

மார்ச் 30, ஞாயிறு

கடையில் அட்டை தொங்குகிறது என்று அருள்தாஸ் படம் அனுப்பினார். வெண்ணிலாவின் கையெழுத்து: "அடுத்த வாரம் முதல் ஞாயிறுதோறும் விடுமுறை." கீழே யாரோ பேனாவில், "அப்ப நாங்க இன்னா சாப்புடறது?" என்று எழுதியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளை மறுநாள் மீன்பிடித் தடை ஆரம்பம். அதற்குள் ஒரு பிடி பிடித்துவிடவேண்டும் என்று அமுதத்தை ஏற்றிக்கொண்டு கிருமாம்பாக்கம் பக்கம் போனேன். ரோட்டோரத்தில் கீற்றுக் கொட்டகை போட்ட கடை. கிழங்கான் மீன் வறுவலும் எறாத் தொக்கும். நாங்கள் போனதே இல்லாத கடை. பாதிப் பாதி சொன்னோம்.

கடைக்காரர் சாமிக்கண்ணு நாற்பது வயது இருப்பார். தட்டைக் கொண்டுவந்தவர் அமுதத்தைப் பார்த்ததும் நின்றார்.

"அக்கா, நீங்க திருவாண்டார்கோயில் கேட்டாண்ட கட வெச்சிருக்கீங்க இல்ல? என் மச்சான் அங்கதான் வேல. ஒரு நாள் வந்து சாப்ட்டேன்." தட்டை வைக்காமல் அப்படியே உள்ளே எடுத்துப் போனார். தொக்கை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், எலுமிச்சை பிழிந்தார், மறுபடி கொண்டுவந்து வைத்தார். போகாமல் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

நான் கிழங்கானைப் பிட்டு வாயில் போட்டேன். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பால் போல. மசாலாவில் பூண்டு கொஞ்சம் பச்சையாக நின்றது. சொல்லலாம் என்று நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"எப்படிக்கா இருக்கு?" என்றார் அமுதத்திடம்.

அமுதம் நிதானமாக மென்றாள். முள்ளை எடுத்து ஓரம் வைத்தாள். "மீனு நல்ல மீனு. வறுவலும் பக்குவம். பூண்ட மட்டும் தட்டி எண்ணையில ஒரு சுத்து சுத்திட்டுப் போடுங்க தம்பி, போதும்" என்றாள். அந்த ஆள் முகம் மலர்ந்து, சரிக்கா சரிக்கா என்று உள்ளே ஓடினார்.

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் இன்னொரு தட்டு கிழங்கான் சொன்னேன்.