பெருச்சாளி தோண்டாத மண்

எங்கள் எல்லோரையும் "பிள்ளை" என்றே கூப்பிட்ட தானியேல் வாத்தியார் ஐயாவுக்கு,

முதலில் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன், ஐயா. என் மூத்த மகளின் மகன் ஞானமுத்து கண்டி ரயில் ஸ்டேஷனில் டிக்கட் கொடுக்கிறான். உங்கள் காலத்தில் இங்கே ரயில் ஏது? இப்போது கோட்டுப் போட்ட துரைமாரும் அவன் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றுதான் ஆக வேண்டும். அவன் தம்பி மாத்தளை ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கப் பழகுகிறான். மடுல்கெல்லத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருக்கிற என் மகனுடைய சின்னவன், பதினாறாம் வாய்ப்பாட்டை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் சொல்லுவான். பேத்தி ரோசம்மா ஏழாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் வீட்டில் ஏழு! அதுவும் கட்டுகஸ்தோட்டையில், நம்முடைய பள்ளிக்கூடத்திலேயே. கூரைக்கு ஓடு போட்டிருக்கிறார்கள். தரைக்குக் கல் பதித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் வாய் ஓயாமல் சொல்லித் திரிவேன். அப்படிச் சொன்னதால்தான் நீங்கள் காலமான செய்தி எனக்குத் தெரிந்தது.

போன மாதம் கண்டி டவுனில் யாழ்ப்பாணத்துச் செல்லையாவின் சுருட்டுக் கடைக்குப் போயிருந்தேன். சுருட்டு என் வீட்டுக்காரருக்கு. செல்லையா பேச்சுக் கொடுத்தார்.

"ஆச்சியின்ரை பேரப்பிள்ளையள் எல்லாம் கெட்டிக்காரர். உங்களுக்கு ஆர் படிப்பிச்சது?"

"ஒங்க ஊர்க்காரர்தான். தானியேல் வாத்தியாரு."

"எங்கடை ஒழுங்கையிலை இருந்த மனிசன் எல்லே! பாவம், மாசியிலை செத்துப்போனார். ஆனால் ஆச்சி, அவர் வாத்தியார் எண்டு நீங்கதான் சொல்லுறியள். எங்களுக்கு அவர் புகையிலைக் கொட்டில் கணக்கர். மகனே சொல்லுவான், அப்பர் கண்டியிலை சோம்பலாய்த் திரிஞ்சு, துரை பார்க்க வந்த அண்டைக்குப் பாடத்தை மறந்து வேலையைத் துலைச்சவர் எண்டு."

"அது பொய், தம்பி."

"அப்ப மெய் என்ன, ஆச்சி?"

கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சுருட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன். ஞானமுத்து இருக்கிற ஸ்டேஷனைத் தாண்டித்தான் வந்தேன். அவனைக்கூட எட்டிப் பார்க்கவில்லை.

செல்லையா கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். பத்திரிகையில் இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது.

அப்போது நம் பள்ளிக்கூடம் ஓலைக் கூரையும் மண் தரையும்தான். பெண்பிள்ளைகள் முறை வைத்துச் சாணி போட்டு மெழுகுவோம். இன்ஸ்பெக்டர் துரை நாளைக்கு வருகிறார் என்று நீங்கள் சொன்ன மறுநாள் என் முறை இல்லை. ஆனாலும் துரை வருகிற நாளில் பள்ளிக்கூடம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று, யாரும் சொல்லாமலே விடிந்ததும் சாணிக் கூடையோடு வந்தேன். நீங்கள் உட்காருகிற கதிரைக்குப் பக்கத்தில் வாழையிலைகள் கிடந்தன. யாரோ தின்றுவிட்டுப் போட்டது என்று நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் கீழே மேடும் பள்ளமுமாகச் செம்மண். இரவு மழை. பெருச்சாளி உள்ளே வந்து கிளறிவிட்டது என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பேன்? கட்டையால் அடித்துத் தட்டி, தண்ணீர் தெளித்து, சுவர் ஓரம் வரை வழவழவென்று மெழுகிவிட்டேன். கையைக்கூடக் கழுவாமல் வாசலில் நின்றேன். நீங்கள் வந்து "வடிவாயிருக்கு" என்று சொல்லப் போகிறீர்கள் என்று காத்திருந்தேன்.

நீங்கள் வந்தீர்கள். தரையைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள்.

"இதிலை இருந்த மண் எங்கை, பிள்ளை?"

"பெருச்சாளி தோண்டிப் போட்டிருந்துச்சுங்க ஐயா. நான்தான் தட்டி மெழுகிட்டேன்."

கதிரையில் மெல்ல உட்கார்ந்தீர்கள். பிறகு உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்தப் பெருச்சாளி நான்தான், பிள்ளை."

அந்த மண் மேடு இலங்கைத் தீவின் படம் என்று அப்புறம்தான் சொன்னீர்கள். நாங்கள் வீட்டுக்குப் போன பிறகு, மாலை மாலையாக ஆற்றங்கரை மண்ணைச் சுமந்து வந்து வெளியே சேர்த்து, முதல் நாள் இரவு குனிந்து குனிந்து நீங்கள் செய்த மலைகள். நடுவில் மகாவலிக்கு ஒரு வாய்க்கால். துரைக்கு முன்னால் கண்டியில் செம்புத் தண்ணீர் ஊற்ற, அது ஓடித் திருகோணமலைக் கடலில் விழுவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று இருந்தீர்கள். நான் அழத் தொடங்கினேன். "உது அழுகிற விஷயமில்லை. கையைக் கழுவிப்போட்டு வா" என்றீர்கள்.

துரை ஆற்றைக் கடந்து, பள்ளிக்கூடத்தை நடத்திய பாதிரியாரோடு வந்தார். அப்போது அங்கே பாலம் இல்லை, தோணிதான். தரை இன்னும் காயவில்லை. சப்பாத்து வழுக்கி, துரை உங்கள் கதிரையைப் பிடித்துக்கொண்டார். பாதிரியாரின் முகம் சிவந்தது.

"எங்கே, தானியேல், அந்த மலைகள்? துரையிடம் நான் சொல்லி அழைத்து வந்தேனே!"

நான் பாதி எழுந்துவிட்டேன், ஐயா. அது உங்களுக்குத் தெரியும். நீங்கள் என் பக்கம் திரும்பாமலே கையைத் தாழ்த்தி, இரு என்று காட்டினீர்கள்.

"மெழுகச் சொன்னது நான்தான். படத்தை மறந்துபோனன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது. தெரியாமல் மெழுகினது எனக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை. அந்தக் கை தாழ்ந்தவுடன் உட்கார எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது!

அந்த மாதத்தோடு உங்களை நிறுத்தினார்கள். வண்டி ஏறுகிற இடத்துக்கு ஓடி வந்து, பாதிரியாரிடம் போய் இப்போதே சொல்கிறேன் என்றேன். நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டே பேசினீர்கள்.

"எனக்குச் சொல்ல வேண்டியதை நீ அப்பவே சொல்லிப்போட்டாய். பொம்பிளைப் பிள்ளையளாலை ஒரு கரைச்சல் எண்டாலும் அவையளை நிப்பாட்டிப் போடுவன் எண்டு பாதிரியார் சொல்லியிருக்கிறார். வாய் திறந்தியோ, உங்கள் எல்லாருக்கும் பள்ளிக்கூடம் இல்லை. எனக்கு எங்கை போனாலும் படிப்பிக்கிற வேலை கிடைக்கும்."

கிடைக்கவில்லையே, ஐயா. பிறகு கல்யாணம் செய்து, பிள்ளையைப் பெற்று, புகையிலைக் கட்டுகளை எண்ணிக்கொண்டே காலம் போயிருக்கிறது. அந்த மகனிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா? பெற்ற பிள்ளை சோம்பேறி என்று சொல்லும்போதும் யாரோ ஒரு வண்டிக்காரன் மகளான எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தீர்களா? அல்லது, சொல்லியும் அவர் நம்பவில்லையா?

இங்கே கோப்பிச் செடி அழிந்து போய்க்கொண்டிருக்கிறது. இலையில் மஞ்சள் பொடி பூத்து, மலை மலையாக உதிர்கிறது. தேயிலை என்று ஏதோ நட்டுப் பார்க்கிறார்கள். என் மகனை எந்த மாதம் நிறுத்துவார்களோ என்று அவன் பெண்சாதி சோறு வடிக்கும்போதும் அழுகிறாள். ஒரு மனிதனுக்கு வேலை போவது என்றால் என்னவென்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. பத்து வயதில் எனக்குத் தெரிந்தது, வாத்தியார் வண்டியில் போகிறார் என்பது மட்டும்தான்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன் என்றதும் ரோசம்மா பயந்துவிட்டாள்.

"வேணாம் அம்மாயி. ஸ்கூல்ல என்னைப் பெருச்சாளிப் பேத்தின்னு கூப்பிடுவாங்க."

"கூப்பிட்டா ஏன்னு கேளு."

"போங்க அம்மாயி, ஒங்களுக்கென்ன, நீங்களா கிளாஸ்ல ஒக்காரப் போறீங்க?"

அவள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் முந்தாநாள் அவளே பேனையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "அந்த வாத்தியாரு மகன் பாவம்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஐயா, அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அதற்குப் பிறகு வந்த வாத்தியார் பெண்களுக்கு ஐந்து போதும் என்று நிறுத்தினார். இடையில் படித்த அந்த இரண்டு வகுப்பும் நீங்கள் உங்கள் வேலையைக் கொடுத்து எனக்கு வாங்கித் தந்தவை. அந்த இரண்டில்தான் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கப் பழகினேன். என் பிள்ளைகளுக்கு முதல் எழுத்தை நானே சொல்லிக் கொடுத்தேன். மேலே வரிசையாகப் பெருமை பேசினேனே, அதில் ஒவ்வொன்றும் உங்களால் வந்ததுதான். இதை உங்களிடம் ஒரு தடவையாவது வந்து சொல்லியிருக்க வேண்டும். யாழ்ப்பாணம் தூரம் என்று இருந்துவிட்டேன்.

செல்லையா ஊருக்குப் போகும்போது இந்தப் பத்திரிகையை உங்கள் மகன் கையில் கொடுப்பார். அவருக்கு நான் சொல்வது இதுதான்: தம்பி, ஒங்க அப்பா மறக்கலை. அவர் செஞ்சதை நான் அழிச்சேன். அவர் என்னை மறைச்சார்.

வருகிற ஞாயிறு, பூசை முடிந்ததும் இப்போதைய பாதிரியாருக்கும் பிள்ளைகளுக்கும் முன்னால் எழுந்து நின்று இதையே வாயால் சொல்வேன். யார் கை காட்டினாலும் உட்கார மாட்டேன்.

உங்கள் முகம் எனக்கு மங்கிப் போய்விட்டது, ஐயா. சிரிப்பு மட்டும் காதில் இருக்கிறது. உங்கள் மகன் பெண்சாதி பிள்ளைகளோடு உட்கார்ந்து புதிதாக ஒரு படம் பிடித்து, எனக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அதில் யாராவது ஒரு பிள்ளைக்கு உங்கள் முகம் இருக்கும். நான் கண்டுபிடித்துக்கொள்வேன்.

உங்கள் மகனுக்கு அக்கா முறையான,
அன்னம்